அடுக்களைத் தரை

இடுக்கி மாவட்டத்தில் ஆனைக்கரை, வண்டன்மேடு முதலிய ஊர்களைச் சூழ்ந்து ஏலத்தோட்டங்கள் பரந்துள்ளன. அங்கு வேலை செய்வோருள் பலர் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து நாள்தோறும் ஜீப்பில் மலையேறி வருபவர். வேறு சிலர் தோட்டத்திலேயே குடியிருப்பவர். ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த குடியிருப்புக்கு லயம் என்று பெயர். மூணாறு, பீர்மேடு தேயிலைத் தோட்டங்களிலும் இப்பெயரே வழங்குகிறது.

லயத்து வீட்டில் விரைந்து பழுதாவது அடுக்களைத் தரையாகும். விறகடுப்பின் சூடு ஒருபுறம், பாத்திரம் கழுவும் நீர் மறுபுறம்; தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மண்ணின் ஈரமும் மேலேறும். சிமெண்டுப் பூச்சில் முதலில் மயிரிழைபோல் விரிசல் தோன்றும். பின்பு துண்டு துண்டாகப் பெயரும். பெயர்ந்த பள்ளத்தில் நீர் தேங்கும், பாசி படரும். வயது முதிர்ந்த பாட்டிமார் வழுக்கி விழுவதும் அவ்விடத்தில்தான்.

முன்னாளில் அடுக்களைத் தரை மண்தரையாக இருந்தது. பெண்கள் அதனைச் சாணமிட்டு மெழுகினர். (அடுக்களையை மலையாளத்தில் ‘அடுக்கள’ என்பர், மெழுகுதலை ‘மெழுகுக’ என்பர். பக்கத்து வீட்டு மலையாளத் தோழரிடம் கேட்டுப் பாருங்கள்.) மண்தரையில் விரிசல் கண்டால் மறுநாளே மெழுகி அடைத்துவிடலாம். சிமெண்டுத் தரைக்கு அந்த வசதி இல்லை. உடைந்த தரையின்மேல் மெல்லிதாகப் பூசினால், அது பழைய தரையோடு ஒட்டாமல் சில மாதங்களில் மீண்டும் பெயரும். ஆதலால் பழையதை அடியோடு எடுத்துவிடுதலே முறை. கொத்தனாருக்குக் கூலி கொடுக்க இயலாத குடும்பத்தார் விடுமுறை நாள்களில் தாமே இதனைச் செய்துகொள்வர்.

முதலில் கடப்பாரையாலும் உளியாலும் பழைய தரையைப் பெயர்ப்பர். அடியிலுள்ள மண்ணை நீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இறுக இடிப்பர். இவ்வேலை அலுப்பூட்டுவது, எனினும் இதில் சோம்பினால் பின்னர்ச் செய்வதெல்லாம் வீணாகும். மண் அமிழ்ந்தால் மேலுள்ள தரையும் உடையும். இடித்த மண்ணின்மேல் தடித்த பிளாஸ்டிக் தாளை விரித்தால் நிலத்தின் ஈரம் மேலேறாது.

அடுத்தது மட்டம் பார்த்தல். சிறுவர்க்கு உகந்த வேலை இது. ஒளி ஊடுருவும் நீண்ட குழாயில் நீர் நிரப்பி, ஒருவர் ஒரு சுவரிலும் மற்றவர் எதிர்ச் சுவரிலும் முனையைப் பிடிப்பர். குழாயில் காற்றுக்குமிழி இல்லையெனில் இரு முனைகளிலும் நீர் ஒரே உயரத்தில் நிற்கும். அவ்வுயரத்தைச் சுவரில் குறித்து, அதிலிருந்து கீழே அளந்து வருவர். அடுக்களைத் தரை முற்றிலும் மட்டமாக இருத்தலும் ஆகாது. அங்கணத்தை நோக்கி ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் அளவு சரிந்திருந்தால்தான் நீர் வடியும்.

பின்பு ஒரு பங்கு சிமெண்டு, நான்கு பங்கு மணல், எட்டுப் பங்கு ஜல்லி சேர்த்துப் பத்துச் சென்டிமீட்டர் கனத்திற்கு அடித்தளம் இடுவர். அது முற்றும் இறுகுமுன் மறுநாளே ஒன்றுக்கு மூன்று என்னும் கலவையால் மேற்பூச்சு இடுதல் நன்று; அப்போது இரண்டும் ஒன்றாகப் பிணையும். அதன்மேல் சிமெண்டும் காவிப்பொடியும் கலந்த மெல்லிய பூச்சைக் கரணையால் தேய்த்து மினுக்குவர். பொடி, சிமெண்டின் எடையில் பத்தில் ஒரு பங்கிற்கு மேற்படலாகாது. மிகுந்தால் தரை வலிமை குன்றும். காரைக்குடிப் பகுதியில் செய்யப்படும் ஆத்தங்குடிக் கற்களும் சிமெண்டு, மணல், வண்ணப்பொடி ஆகியவற்றால் ஆனவையே. ஈரச் சிமெண்டு தோலை அரிக்கும். கையுறையின்றி அதனைத் தொடலாகாது.

சிமெண்டு காய்ந்து இறுகுவதாகப் பலர் எண்ணுவர். அது தவறு. நீருடன் வினைபுரிந்தே அது கல்லாகிறது. விரைவில் காய்ந்த தரையில் விரிசல் விழும். எனவே ஓரங்களில் மண்ணால் சிறு வரப்புக் கட்டி, ஏழு நாளேனும் நீரைத் தேக்கி வைப்பர். அதுவரை சமையல் முன்வாசலிலோ அடுத்த வீட்டு அடுப்பிலோ நடைபெறும்.

இவ்வளவு பாடுபட்டுப் போட்ட தரை குடும்பத்தாருக்குச் சொந்தமானதன்று. வீடு தோட்டத்தைச் சேர்ந்தது. பணி ஓய்வு பெற்றால் அதனை ஒப்படைத்துவிட வேண்டும். தோட்டத்தில் வாழும் தொழிலாளிக்கு வீடு கட்டித் தருதலும் அதனைப் பேணுதலும் உரிமையாளரின் கடமை என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. தொழிலாளி தம் கையால் தரை போட்டுக்கொண்டதனால் அக்கடமை தீர்ந்துவிடாது. ஆயினும், உரியவர் வரும்வரை உடைந்த தரையில் பாட்டி நடக்கட்டும் என்று எந்த வீட்டில் விட்டுவைப்பர்?

எட்டாம் நாள் வரப்பை வெட்டிவிட்டால், தேங்கிய நீர் தானே அங்கணத்தை நோக்கி ஓடும். எங்கேனும் தங்கி நின்றால் மட்டம் பிழைத்தது என்று பொருள்.

சொல்லறிவோம்

அங்கணம் – அடுக்களையில் நீர் வெளியேறும் இடம். கரணை – பூச்சு வேலைக்குரிய கருவி. திமிசுக்கட்டை – மண்ணை இடித்து இறுக்கும் கட்டை.

விடை எழுதுக

1. உடைந்த சிமெண்டுத் தரையின்மேல் புதிதாகப் பூசுதல் ஏன் பயன்படாது?
2. புதிய தரையில் நீரைத் தேக்கி வைப்பது ஏன்?
3. தமக்குச் சொந்தமல்லாத வீட்டின் தரையைத் தொழிலாளர் செப்பனிடுவது சரியா? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.
4. உம் பாட்டி வாழ்ந்த வீட்டின் அடுக்களைத் தரை எதனால் ஆனது? கேட்டு எழுதுக.