பிள்ளை பார்ப்பதும் வேலைதான்

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. போனில் நீ சொன்னது மனதைவிட்டுப் போகவில்லை. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவை வேலை கழுத்தை நெரிக்கும். பேத்தியோ இப்போதுதான் எழுந்து நடக்கிறாள். இரண்டையும் பார்க்க உனக்குச் சாமர்த்தியம் போதவில்லை என்கிறாய். அப்படி நினைக்காதே. பிள்ளை பார்ப்பதை யாரும் வேலைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அதனால்தான் உனக்கு நாள் போதவில்லை.

வரப்போரத்து மரத்தில் ஏணை கட்டிவிட்டு நட்டோம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அது ஏணையில் கிடக்கும் பிள்ளைக்குச் சரி, நடக்கிற பிள்ளைக்கு ஆகாது. மோட்டார் தொட்டியில் சாண் தண்ணீர் கிடந்தாலே ஆபத்து. டிராக்டருக்குப் பின்னால் நிற்கும் குழந்தை ஓட்டுபவர் கண்ணில் படாது. 2019-இல் மணப்பாறை பக்கத்து நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுப் பிள்ளையைப் பலிகொண்டது, வீட்டை ஒட்டிய நிலத்தில் மூடாமல் விட்ட ஆழ்துளைக் கிணறு. உங்கள் கொல்லையில் வற்றிப்போன போர் ஒன்று கிடக்கிறதே, எல்லாவற்றுக்கும் முன்னால் அதை மண்போட்டு மூடச் சொல்.

மருந்து அடிக்கும் நாளில் அவள் வயல் பக்கமே வரக்கூடாது. அடித்துவிட்டு வருகிற மாப்பிள்ளை குளித்து, வேட்டி மாற்றிய பிறகே அவளைத் தூக்கட்டும். அந்தத் துணியைப் பிள்ளைத் துணியோடு ஊறவைக்காதே. மிச்ச மருந்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது வேண்டவே வேண்டாம்.

அங்கன்வாடியில் இப்போது சத்துமாவுதான் கிடைக்கும். இரண்டு வயது ஆனால்தான் பிள்ளையை அங்கே விட்டுப் போகலாம். அதுவரைக்கும் ஒரு வழி சொல்கிறேன். உன் தெருவில் கைப்பிள்ளைக்காரிகள் இன்னும் இரண்டு பேர் இருப்பதாகச் சொன்னாயே, மூன்று பேரும் முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி பிள்ளைகளோடு வீட்டில் இருக்கட்டும், மற்ற இருவரும் நடவுக்குப் போகட்டும். வீட்டில் இருந்தவளுக்கும் அது ஒரு ஆள் வேலை. அவள் வயலில் மற்றவர்கள் அந்த நாளை நட்டுக் கழிக்கவேண்டும். கணக்கு கறாராக இருக்கட்டும். தயவாக ஆரம்பித்தால் பாதியில் நின்றுபோகும். இது நானாகச் சொல்வதல்ல. 2005-இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்திலேயே, வேலையிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேர் இருந்தால் அவர்களைப் பார்க்க ஒரு பெண்ணை அமர்த்திக் கூலி தரவேண்டும் என்று எழுதியிருந்தது.

நேரடி விதைப்புப் போட்டால் நாற்றும் நடவும் மிச்சம் என்று மாப்பிள்ளை சொல்கிறாராம். மிச்சம்தான், ஆனால் களை அதிகமாக முளைக்கும். அதைக் குனிந்து பறிக்கப்போவது நீ. அதைவிட இந்த ஒரு போகம் பாதி நிலத்தில் குறுவை வைத்து, மீதியைச் சம்பாவுக்கு விடுங்கள். வருமானம் குறையும், தெரிந்துதான் சொல்கிறேன்.

சாயந்தரம் பிள்ளையைக் குளிப்பாட்டிச் சோறூட்டுவது மாப்பிள்ளை வேலையாக இருக்கட்டும். கேட்க உனக்குத் தயக்கமாக இருந்தால் நான் பேசுகிறேன். அந்த இரண்டு பெண்களிடம் மட்டும் தண்ணீர் வருவதற்குள் நீயே பேசிவிடு.

அன்புடன்,
அத்தை