பந்து இல்லாத நேரத்து வேலை: ஓர் இளம் ஸ்ட்ரைக்கருக்குக் கடிதம்

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கேரளத்து கிளப் ஒன்று கூப்பிடுகிறது, போகலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறாய். சம்பளத்தைவிட பேர் கெட்டுவிடுமோ என்பதுதான் உன் பயம் என்று தெரிகிறது. அடிக்கடி கிளப் மாறுகிறவன், ஓரிடத்தில் தரிக்காதவன் என்று நாலு பேர் பேசுவார்கள் என்கிறாய். அப்பாவும் அதையேதான் சொல்கிறாராம். அப்பாவிடம் கென்னி மில்லரைப் பற்றிச் சொல். மெஸ்ஸியையும் ரொனால்டோவையும் பார்த்து ஆட்டத்தை ரசிக்கலாம், பிழைக்கும் வழியைக் கற்றுக்கொள்ள முடியாது. உன்னைப் போன்ற பையனுக்கு மில்லர்தான் சரியான பாடம்.

1979-ல் எடின்பரோவில் பிறந்த ஸ்காட்லாந்து ஸ்ட்ரைக்கர் அவர். ஹிபர்னியனில் தொடங்கி பார்ட்டிக் திஸிலில் முடிப்பதற்குள் பன்னிரண்டு கிளப்களின் சட்டையைப் போட்டார். ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, வேல்ஸ், துருக்கி, கனடா என்று ஐந்து நாடுகள். ரேஞ்சர்ஸுக்கு மட்டும் மூன்று தடவை போனார். பெரிய நட்சத்திரம் என்று யாரும் சொன்னதில்லை. வாய்ப்புகளைக் கோட்டை விடுகிறவர் என்று திட்டியவர்கள் அதிகம். ஆனாலும் நாற்பது வயது வரை அவருக்குச் சம்பளம் கொடுக்க ஏதோ ஒரு கிளப் இருந்துகொண்டே இருந்தது. அது எப்படி என்றுதான் நீ யோசிக்க வேண்டும்.

முதல் பயணம் ரொம்பச் சின்னது. ஹிபர்னியனில் இடம் நிலைக்காத வயதில் அவரை லோனில் ஸ்டென்ஹவுஸ்மியூர் என்ற கிளப்புக்கு அனுப்பினார்கள். எடின்பரோவிலிருந்து பக்கம்தான், கீழ் டிவிஷனில் ஆடும் சிற்றூர் கிளப். பெரிய மைதானத்தில் பெஞ்சில் உட்கார்ந்து பெருமைப்படுவதா, சின்ன மைதானத்தில் தொண்ணூறு நிமிடம் முட்டி மோதுவதா என்று உன் வயதுப் பையன்களுக்கு எப்போதும் ஒரு குழப்பம் இருக்கும். ஸ்ட்ரைக்கரைப் பொறுத்தவரை இதில் குழம்ப ஒன்றுமில்லை. கிராஸ் வரும்போது டிஃபெண்டருக்கு முன்னால் பாய்வதா, பின்னால் நழுவுவதா என்பதைப் பயிற்சியில் கற்க முடியாது. தோற்றால் கோபப்படுகிற எதிராளிகளோடு ஆடித்தான் அது வரும். லோன் முடிந்து திரும்பிய மில்லர், 2000-ல் ஸ்காட்லாந்து ஆட்டக்காரர்கள் சங்கத்தின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருதை வாங்கினார். அதே ஆண்டு ரேஞ்சர்ஸ் 20 லட்சம் பவுண்டு கொடுத்து அவரை வாங்கியது.

அடுத்து நடந்ததை நீ கவனமாகப் படிக்க வேண்டும். 2000 நவம்பர் தொடக்கத்தில் செயின்ட் மிரனுக்கு எதிராக ரேஞ்சர்ஸ் 7-1 என்று ஜெயித்தது. ஐந்து கோல் மில்லருடையது. இருபது வயதுப் பையன், ஒரே ஆட்டத்தில் ஐந்து! அடுத்த சில வருஷங்களுக்குத் தன் இடம் உறுதி என்று எவனும் நினைப்பான். மூன்று வாரம்கூட முடியவில்லை, செல்சியிடமிருந்து டோரே ஆண்ட்ரே ஃப்ளோவை 1 கோடியே 20 லட்சம் பவுண்டுக்கு ரேஞ்சர்ஸ் வாங்கியது. ஸ்காட்லாந்து கிளப் எதுவும் அதுவரை கொடுத்திராத தொகை. ஃப்ளோவும் ஸ்ட்ரைக்கர்தான். மில்லருக்கு இடம் குறைந்தது. அடுத்த சீசனிலேயே லோனில் இங்கிலாந்துக்குப் போய், 2001 டிசம்பரில் வுல்வ்ஸ் கிளப்பில் நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டார்.

இதில் துரோகம் எதுவும் இல்லை, தம்பி. கிளப்புக்கு அதன் கணக்கு. பணம் கைக்கு வந்ததும் கிளப் முதலில் தேடுவது ஸ்ட்ரைக்கரை. ஆட்டம் சரியில்லை என்றால் முதலில் மாற்றுவதும் ஸ்ட்ரைக்கரைத்தான். புதுப் பயிற்சியாளர் வந்தாலும் அதே கதை. நீ தேர்ந்துகொண்ட இடம் அப்படிப்பட்டது. மன வருத்தத்தோடு அங்கேயே உட்கார்ந்து, பத்திரிகைக்காரனிடம் முணுமுணுத்து இரண்டு சீசனை வீணடித்த பையன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மில்லர் கிளம்பினார்.

வுல்வ்ஸில் 2006 வரை இருந்தார். ஊர் மாறுகிறவர் என்ற பேர் இருந்தாலும், விளையாட இடம் கிடைத்த ஊரில் அவர் தங்கவே செய்தார் என்பதை அப்பாவிடம் சொல். 2003 மே மாதம் கார்டிஃபில் நடந்த பிளே ஆஃப் இறுதியில் ஷெஃபீல்ட் யுனைடெட்டை 3-0 என்று வென்று வுல்வ்ஸ் பிரீமியர் லீக்குக்கு ஏறியது. மூன்றாவது கோல் மில்லர் போட்டது. ஏறிய சீசனில் அவருக்குக் கோல்கள் அதிகம் வரவில்லை, கிளப்பும் கடைசி இடத்தில் முடித்துத் திரும்பவும் இறங்கியது. ஆனால் 2004 ஜனவரியில் மான்செஸ்டர் யுனைடெட்டை வுல்வ்ஸ் 1-0 என்று தோற்கடித்த அந்த ஒரே கோல் யாருடையது தெரியுமா? கோல் வராத அதே மில்லர்.

கோல் வராத சீசனிலும் ஒரு ஸ்ட்ரைக்கரை ஏன் களத்தில் வைத்திருக்கிறார்கள்? மில்லரின் பழைய ஆட்டம் எதையாவது தேடிப் பிடித்துப் பார். பந்தைப் பார்க்காதே, அவரை மட்டும் பார். எதிரணி சென்டர் பேக்கிடம் பந்து போனதும் ஓடத் தொடங்குவார். நேராக ஓட மாட்டார், கொஞ்சம் வளைந்து ஓடுவார். அந்த வளைவு இன்னொரு சென்டர் பேக்குக்குப் போகும் வழியை அடைத்துவிடும். பந்து வைத்திருப்பவன் ஒன்று ஓரத்துக்குத் தள்ள வேண்டும், இல்லை கண்ணை மூடிக்கொண்டு தூக்கி அடிக்க வேண்டும். இரண்டும் நம் அணிக்கு லாபம். நம்மிடம் பந்து வந்ததும் அவர் நடுவில் நின்று கையைத் தூக்கிக் கேட்க மாட்டார். ஃபுல் பேக்குக்கும் சென்டர் பேக்குக்கும் இடையில் இருக்கிற சந்துக்குள் பாய்வார். பந்து அவருக்கு வராமலும் போகலாம். பத்துத் தடவை ஓடினால் எட்டுத் தடவை வராது. ஆனால் அவரோடு ஒரு டிஃபெண்டரும் ஓடியாக வேண்டும், அவன் விட்டுப்போன இடத்தில் நம் மிட்ஃபீல்டர் நுழைவான். கோல் அவன் பேரில் எழுதப்படும். பயிற்சியாளருக்கு மட்டும் தெரியும், அந்தக் கோலில் பாதி யாருடையது என்று.

இந்த ஓட்டம்தான் மில்லரின் மூலதனம். கோல் போடும் ராசி வரும், போகும். ஓட்டத்தை எந்த ஊருக்கும் கொண்டுபோகலாம், மொழிகூடத் தெரிய வேண்டாம். உன் ஆட்டத்தை நேரில் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், பந்து போனதும் நீ இடுப்பில் கை வைத்து நிற்கிறாய். புது கிளப்பில் முதல் வாரத்திலேயே பயிற்சியாளர் கண்ணில் விழப்போவது அதுதான்.

விசுவாசம் பற்றி எழுதியிருந்தாயே, அதற்கு வருகிறேன். கிளாஸ்கோவில் செல்டிக், ரேஞ்சர்ஸ் என்ற இரண்டு கிளப்களின் பகை வெறும் விளையாட்டுப் பகை இல்லை. மதமும் அயர்லாந்து அரசியலும் அதில் கலந்திருக்கின்றன. 1989-ல் முன்னாள் செல்டிக் ஸ்ட்ரைக்கர் மோ ஜான்ஸ்டன் ரேஞ்சர்ஸில் சேர்ந்தபோது நகரமே கொதித்தது. மில்லர் இந்தக் கோட்டை இரண்டு தடவை தாண்டினார். 2006-ல் செல்டிக்குக்குப் போனார். அங்கே அவருடைய முதல் கோலே பழைய கிளப்பான ரேஞ்சர்ஸுக்கு எதிராக வந்தது. அந்த இலையுதிர் காலத்தில் சாம்பியன்ஸ் லீக்கில் பென்ஃபிகாவுக்கு எதிராக இரண்டு கோல் போட்டார். ஒரே வருஷத்தில் இங்கிலாந்தின் டெர்பிக்கு விற்கப்பட்டார். அங்கே முதல் ஆட்டத்திலேயே நியூகாசிலுக்கு எதிராக வெற்றி கோல் அடித்தார். அந்த சீசன் முழுக்க லீக்கில் டெர்பி ஜெயித்தது அந்த ஒரு ஆட்டம்தான், மொத்தம் 11 புள்ளிகள். 2008-ல் திரும்ப ரேஞ்சர்ஸ். ரசிகர்களில் ஒரு பகுதி அவர் வருவதை எதிர்த்தது. ஆகஸ்ட் கடைசியில் செல்டிக் மைதானத்தில் ரேஞ்சர்ஸ் 4-2 என்று வென்ற ஆட்டத்தில் அவர் இரண்டு கோல் போட்டார். அதோடு எதிர்ப்பு அடங்கியது. ரசிகர்கள் உன்னிடம் கேட்பதும் அவ்வளவுதான், இன்று சட்டை நனைய ஆடினாயா என்பது.

அவருடைய ஆட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது 2010 மார்ச்சில் நடந்த ஸ்காட்லாந்து லீக் கோப்பை இறுதி. எதிரணி திரும்பவும் செயின்ட் மிரன். ரேஞ்சர்ஸின் இரண்டு பேர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிவிட்டார்கள். ஒன்பது பேர் பதினோரு பேரைச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். 84-வது நிமிடத்தில் ஸ்டீவன் நெய்ஸ்மித் ஓரத்திலிருந்து கிராஸ் கொடுக்க, மில்லர் தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார். ஆள் குறைந்த அணியில், கால் கனக்கிற அந்த நேரத்தில் ஒரு ஸ்ட்ரைக்கர் எதிரணிப் பெட்டிக்குள் ஓடிச் சேர்ந்திருந்தார் என்பதுதான் விஷயம். 1-0, கோப்பை ரேஞ்சர்ஸுக்கு.

அடுத்த சீசனில் அவர் ஆட்டம் உச்சத்தில் இருந்தது. லீக்கில் 21 கோல் போட்டவர் ஜனவரியிலேயே துருக்கியின் புர்சாஸ்போருக்குப் போய்விட்டார். மிச்ச மாதங்களில் யாராலும் அந்த எண்ணிக்கையைத் தாண்ட முடியவில்லை. பாதி சீசன் ஆடி அந்த ஆண்டின் அதிக கோல் ஆட்டக்காரர் ஆனார். அப்படிப்பட்டவரை ஏன் விட்டார்கள்? கோடையில் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கும் பேச்சு கூடிவரவில்லை. 1995-ல் வந்த போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் பழைய கிளப்புக்குக் காசு எதுவும் கிடைக்காமலே வேறு கிளப்புக்குப் போகலாம். கடனில் இருந்த ரேஞ்சர்ஸ், ஒன்றும் கிடைக்காமல் போவதைவிடச் சுமார் 4 லட்சம் பவுண்டு கிடைத்தால் போதும் என்று விற்றது. ஒப்பந்தத் தேதியை நீ மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான். துருக்கி அவருக்குப் பெரிதாகப் பலன் தரவில்லை, சில மாதங்களில் வேல்ஸின் கார்டிஃபுக்கு வந்துவிட்டார்.

2012 பிப்ரவரியில் வெம்ப்ளியில் லிவர்பூலோடு லீக் கோப்பை இறுதி. தொண்ணூறு நிமிடம் முடியும் தறுவாயில் கிடைத்த வாய்ப்பைக் கம்பத்துக்கு மேலே அடித்தார். பெனால்டியில் கார்டிஃபின் முதல் உதை அவருடையது, அதுவும் உள்ளே போகவில்லை. கார்டிஃப் தோற்றது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அதே வெம்ப்ளி, இம்முறை ஸ்காட்லாந்து அணிக்காக, இங்கிலாந்துக்கு எதிராக. அப்போது அவர் கனடாவின் வான்கூவர் ஒயிட்கேப்ஸில் ஆடிக்கொண்டிருந்தார். 33 வயது. இரண்டாம் பாதி தொடங்கிய சில நிமிடங்களில், கோலுக்கு முதுகைக் காட்டி நின்றபடி பந்தை வாங்கினார். பின்னால் கேரி காஹில் ஒட்டி நிற்கிறார். ஒரே திரும்பலில் காஹிலைக் கழற்றிவிட்டு, தாழ்வாக மூலைக்கு அடித்தார். ஆட்டம் 3-2 என்று இங்கிலாந்துக்குப் போனது வேறு விஷயம். அந்த கோலோடு நாட்டு அணியிலிருந்து விடைபெற்றார். 69 ஆட்டம், 18 கோல். 1998-க்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஸ்காட்லாந்து எந்தப் பெரிய போட்டிக்கும் தகுதி பெறவில்லை. மில்லரின் காலம் முழுக்க அந்த வறட்சிக்குள் அடங்கிவிட்டது. ஓர் உலகக் கோப்பை ஆட்டம்கூட அவர் கணக்கில் இல்லை. அதற்கு அவர் என்ன செய்ய முடியும்?

அவர் எடுத்த முடிவுகள் எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். 2018-ல் லிவிங்ஸ்டனில் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் ஒரே நேரத்தில் சேர்ந்தார். ஆடுவதை நிறுத்த அவருக்கு மனமில்லை, கிளப் அவரைப் பயிற்சியாளராக மட்டும் பார்க்க விரும்பியது. லீக்கில் இரண்டு ஆட்டத்தோடு பிரிந்தார்கள். சேருவதற்கு முன்னாலேயே பேசி முடித்திருக்க வேண்டிய விஷயம் அது.

சரி, ஸ்காட்லாந்து கதை நமக்கெதற்கு என்று அப்பா கேட்டால், ஓவன் காயிலைச் சொல். சென்னையின் எஃப்சியை 2019-20 சீசனின் நடுவில் ஏற்று ஐஎஸ்எல் இறுதி வரை கொண்டுபோன அதே காயில். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் பிறந்து, டம்பார்ட்டன், ஏர்ட்ரி, போல்டன், டண்டி யுனைடெட், மதர்வெல் என்று சுற்றிய ஸ்ட்ரைக்கர் அவர். பிறகு ஜாம்ஷெட்பூருக்குப் போனபோது, கௌடன்பீத் என்ற சின்ன கிளப்பில் தொடங்கி ரேஞ்சர்ஸ் வரை போய்வந்த கிரெக் ஸ்டூவர்ட் அவரிடம் வந்து சேர்ந்தார். 2021-22-ல் லீக் ஷீல்டு ஜாம்ஷெட்பூருக்கு. இவர்களை ஊர்சுற்றி என்று யாரும் பழிக்கவில்லை.

ஆகவே, போ. ஆனால் அதற்கு முன் அந்தப் பயிற்சியாளரிடம் நேரில் பேசு, ஏஜென்ட் வழியாக வேண்டாம். உன்னை எந்த இடத்தில் ஆட வைக்கப்போகிறார், இப்போது அந்த இடத்தில் ஆடுகிறவர் யார், அவர் அடுத்த சீசனிலும் இருப்பாரா என்று கேள். கேட்பதில் வெட்கமில்லை. பதில் மழுப்பலாக இருந்தால் சம்பளம் எவ்வளவு சொன்னாலும் வேண்டாம். ஒப்பந்தத் தாள் கைக்கு வந்ததும் உடனே கையெழுத்துப் போட்டுவிடாதே. முடிவுத் தேதியும் காயம் பட்டால் சம்பளம் உண்டா என்பதும் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கின்றன என்று பார்த்து, அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்