அறுபதுக்குப் பிறகும் வேலை உண்டு

பணிநிறைவு நாளில் சால்வை போர்த்தி, "இனி நிம்மதியா ஓய்வெடுங்க சார்" என்று வாழ்த்தி அனுப்புகிறோம். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், பத்து மணிக்குள் பேப்பரை இரண்டு தடவை படித்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரை அப்படி உட்கார வைத்தவை சில நம்பிக்கைகள்.

நம்பிக்கை: அறுபதோடு உழைக்கும் காலம் முடிந்தது.

உண்மை: தமிழக அரசு ஊழியரின் ஓய்வு வயது 58 ஆக இருந்தது, 2020-இல் 59, 2021-இல் 60 ஆனது. அரசாணை மாற்றிவிடக்கூடிய எண் அது. உ.வே.சாமிநாதையர் சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றது 1919-இல். அவருடைய குறுந்தொகைப் பதிப்பு வெளிவந்தது 1937-இல், 82 வயதில்.

நம்பிக்கை: மனசுக்குப் பிடித்தது எதுவென்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும், பிறகுதான் இறங்க வேண்டும்.

உண்மை: பலரை வருஷக்கணக்கில் முடக்கிப் போடுவது இதுதான். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோ.வெங்கடசாமி முதலில் விரும்பியது மகப்பேறு மருத்துவத்தை. முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கியதால் கண் மருத்துவத்துக்கு வந்தார். அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகினார். 1976-இல், 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் 11 படுக்கைகளோடு மருத்துவமனையைத் தொடங்கினார். புதிதாக எந்த ஆசையையும் அவர் தேடிப் போகவில்லை. கண்புரையால் பார்வை இழந்தவர்கள் ஊர் ஊராக இருந்தார்கள். அதை நீக்கும் வித்தை அவர் கையில் இருந்தது. கை அறிந்த வேலையும் அது வேண்டியிருக்கிற ஆளும் சேர்ந்துவிட்டால் பிடிப்பு தானாக வந்துவிடும் என்றே நான் நம்புகிறேன்.

நம்பிக்கை: இதெல்லாம் பெரிய படிப்பு படித்தவர்களுக்கு.

உண்மை: எழுத்தாளர் கி.ராஜநாராயணன் பள்ளிப் படிப்பையே முடிக்காத கரிசல் காட்டு விவசாயி. அறுபது வயதைத் தாண்டிய அவரை நாட்டார் வழக்காற்றியலுக்காகப் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்துக்கொண்டது.

நம்பிக்கை: கைக்கு வந்த பணத்தைப் போட்டு ஒரு தொழில் தொடங்கிவிடலாம்.

உண்மை: பழகாத தொழிலில் பி.எஃப். பணத்தைப் போடாதீர்கள். வெங்கடசாமி குடும்பம் வீட்டை அடமானம் வைத்தது உண்மைதான். ஆனால் அவர் இறங்கியது பல்லாண்டு பழகிய தொழிலில். கிராஜுவிட்டியும் பி.எஃப். பணமும் உங்கள் மருந்துக்கும் அரிசிக்கும் உரியவை.

பென்ஷன் இல்லாமல் எழுபதிலும் சித்தாள் வேலைக்குப் போகிறவர்களிடம் இந்தப் பேச்சை எடுக்கவே கூடாது. அவர்களுக்கு வேண்டியது ஓய்வு.

ஓய்வும் பென்ஷனும் வாய்த்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படிவம் நிரப்பித் தரச் சொல்லியோ, கணக்கு சொல்லித்தரக் கேட்டோ, மோட்டார் ஏன் இழுக்கவில்லை என்று பார்க்கச் சொல்லியோ தெருவில் யாராவது உங்களைத் தேடி வருகிறார்களா? அடுத்த வாரத்திலிருந்து இரண்டு மாலைகளை அவர்களுக்கு ஒதுக்குங்கள்.