பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவோம்



காந்தி மார்க்கெட்டில் ஒரு மூட்டை துவரம்பருப்பு வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? மூட்டையின் மேலுள்ள மார்க்கைப் பார்க்கிறோம். எடையைச் சரிபார்க்கிறோம். ஒரு கைப்பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பார்க்கிறோம். பில்லில் எழுதியிருப்பதும் மூட்டையில் இருப்பதும் ஒன்றுதானா என்று தெரிந்த பிறகே பணம் தருகிறோம். பார்த்து வாங்குவது நம் தொழிலின் முதல் பாடம். அந்தப் பாடத்தை நம் கடைக்கு வரும் சிறு பிள்ளைகளுக்கும் நாம் சொல்லித்தர வேண்டும். ஏன், எப்படி என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

இது ஏன் நம் வேலை?

பிள்ளைகளின் உணவைப் பற்றிய அக்கறை திருச்சிக்குப் புதிதல்ல. 1982 ஜூலை 1-ஆம் தேதி முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது நம் ஊருக்கு அருகிலுள்ள பாப்பாக்குறிச்சியில்தான். 1989-இல் சத்துணவில் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளில் காலை உணவும் வந்தது. பள்ளிக்குள் பிள்ளை உண்பதை அரசு கவனிக்கிறது. பள்ளி விட்டு வீடு போய்ச் சேருவதற்குள் பிள்ளை வாங்கித் தின்பது நம் கடை வாசலில் நடக்கிறது.

இதன் விளைவு பெரியது. பெரியவர்களுக்கு வரும் வகை நீரிழிவு இப்போது சிறுவர்களிடமும் காணப்படுவதால், எல்லாப் பள்ளிகளிலும் 'சர்க்கரைப் பலகை' வைக்குமாறு சி.பி.எஸ்.இ. 2025 மே மாதம் உத்தரவிட்டது. எந்தப் பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்பதைப் பிள்ளைகள் கண்ணில் படும்படி எழுதி வைப்பதே அதன் நோக்கம். கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டர் தூரத்துக்குள் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு விதிமுறையே இருக்கிறது. பள்ளிக்கூடத் தெருவில் கடை வைத்திருப்போர் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மேலும் இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, மொழி. உணவு பாக்கெட்டின் விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்பதே சட்டம். தமிழில் போடுவது தயாரிப்பாளரின் விருப்பம். எனவே தமிழ்வழியில் படிக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பாக்கெட்டின் பின்பக்கம் வெறும் கறுப்புப் பொடி எழுத்துதான்.

இரண்டாவது, அளவு. மேற்பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாத சிறு பாக்கெட்டுகளில் சேர்மானப் பட்டியலும் சத்து அட்டவணையும் அச்சிடத் தேவையில்லை. அவற்றை அடக்கிய வெளிப்பெட்டியில் இருந்தால் போதும் என்று விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. ஒரு ரூபாய் மிட்டாயும் இரண்டு ரூபாய் சாக்லெட்டும் இந்த வகை. பிள்ளைகள் அதிகம் வாங்குவதும் இவற்றைத்தான். அப்படியானால் அந்தப் பொருளின் லேபிள் யாரிடம் இருக்கிறது? நம்மிடம். சரக்கை ஜாடியில் கொட்டிவிட்டு அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடுகிறோம். பிள்ளை படிக்க வேண்டிய பக்கம் பெட்டியோடு போய்விடுகிறது.

படிக்க வேண்டிய ஐந்து இடங்கள்

பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்ல முடியாது. பின்வரும் வரிசையில் ஒவ்வொன்றாகச் சொன்னால் எளிதில் பிடித்துக்கொள்வார்கள்.

1. தேதி: 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்' என்ற தேதியை முதலில் பார்க்கப் பழக்க வேண்டும். எண் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இது போதும்.

2. நிறக்குறி: பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் சைவம். பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் அசைவம். முட்டை மட்டும் கலந்திருந்தாலும் அசைவக் குறிதான். ஸ்ரீரங்கத்து உத்தர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் கேக், பிஸ்கட் வாங்கும் வீடுகளில் இந்தக் குறியைப் பார்த்துச் சொல்வதே சில பிள்ளைகளின் வேலை. அவர்களுக்கு மற்றவற்றைச் சொல்லித்தர இதுவே நல்ல தொடக்கம்.

3. சேர்மானப் பட்டியல்: எடை அதிகமுள்ள பொருள் முதலிலும் குறைந்தது கடைசியிலும் வரும். முதல் மூன்றைப் படித்தால் பண்டத்தின் குணம் தெரிந்துவிடும். 'பழ பானம்' என்று பெயர் இருந்து, பட்டியலில் தண்ணீருக்கு அடுத்தது சர்க்கரை, பழம் அதற்கும் பின்னால் என்றால் பிள்ளைக்கே புரியும். சர்க்கரைக்குப் பல பெயர்கள் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும்: குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ். ஒரே பட்டியலில் இவை தனித்தனியாக வந்தால் ஒவ்வொன்றும் பின்னுக்குப் போய்விடும். கூட்டினால்தான் உண்மை அளவு தெரியும்.

4. சத்து அட்டவணை: பெரும்பாலும் 100 கிராமுக்கோ 100 மில்லிக்கோ கணக்கு இருக்கும். பாக்கெட்டின் எடை வேறாக இருக்கும். இங்கேதான் பெருக்கல் தேவை. உதாரணமாக, 100 மில்லியில் சர்க்கரை 12 கிராம் என்று போட்ட 200 மில்லி பானத்தில் 24 கிராம் சர்க்கரை இருக்கிறது. தேக்கரண்டிக் கணக்கில் ஏறக்குறைய ஐந்து. லேபிள் விதிகள், ஒரு பெரியவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் 50 கிராம் சேர்த்த சர்க்கரை என்று வைத்தே சதவீதம் போடுகின்றன. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியோ 25 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. 1918-இல் நம் குன்னூரில் சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறிய நிறுவனம் அது. அதன் கணக்குப்படி அந்த ஒரு பானத்திலேயே அன்றைய அளவு முடிந்துவிடுகிறது.

உப்பை லேபிளில் 'சோடியம்' என்று மில்லிகிராமில் போடுவார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 200 மில்லிகிராம் சோடியம் என்றால் அரை கிராம் உப்பு. பெரியவருக்கே ஒரு நாளைக்கு எல்லா உணவிலும் சேர்த்து 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். பிள்ளைக்கு அதற்கும் குறைவு.

5. யார் செய்தது: தயாரிப்பாளர் பெயர், முகவரி, 14 இலக்க உரிம எண், நிகர எடை, எம்.ஆர்.பி. இவை இல்லாத பாக்கெட்டை வாங்காதே என்று சொல்லலாம். அப்படிச் சொல்லும் உரிமை நமக்கு வேண்டுமானால், அப்படிப்பட்ட பாக்கெட் நம் கடையில் தொங்கக் கூடாது.

முன்பக்கத்து வார்த்தைகள்

முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம் கணக்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். இதற்கு அண்மைக் காலத்தில் இரண்டு நல்ல உதாரணங்கள் கிடைத்திருக்கின்றன.

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஆரோக்கிய பானம்' என்று ஒரு வகையே இல்லை. எனவே போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை அந்தத் தலைப்பிலிருந்து நீக்குமாறு இணைய விற்பனை நிறுவனங்களுக்கு மத்திய வர்த்தக அமைச்சகம் 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது. நம் அலமாரியில் அந்தப் பெயரில் அட்டை எழுதி வைத்திருந்தால் நாமும் எடுத்துவிடுவது நல்லது.

இரண்டாவது இன்னும் முக்கியம். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலில், உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி, லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்க வேண்டும். ஆனால் அதே எழுத்துகளைப் பெயரில் ஒட்டிக்கொண்டு, பல மடங்கு சர்க்கரையோடு பானங்கள் விற்பனையாகி வந்தன. அதிகச் சர்க்கரை வயிற்றுப்போக்கைக் கூட்டும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடிய பின்னர், 2025 அக்டோபரில் அந்தப் பெயரைப் பானங்களில் பயன்படுத்த உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை விதித்தது. தாய் அவசரத்தில் அனுப்பிய பிள்ளை நம் கடையில் வந்து 'ஓ.ஆர்.எஸ். கொடுங்கண்ணே' என்று கேட்டால், ஜூஸ் பாக்கெட்டை எடுத்துக் கொடுக்காமல் மருந்துக் கடைக்கு அனுப்புவதே நம் கடமை.

சட்டம் நம்மையும் பிடிக்கும்

லேபிள் தயாரிப்பாளரின் கவலை என்று நினைப்போர் நம்மில் உண்டு. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு விற்பனையாளரையும் பொறுப்பாக்குகிறது. காலாவதியான பொருளை விற்றாலும், தவறான லேபிள் உள்ள பொருளை விற்றாலும், யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத சரக்கை விற்றாலும் நாமே பதில் சொல்ல வேண்டும். தவறான லேபிளுக்கு அபராதம் 3 லட்சம் ரூபாய் வரை போகலாம். எனவே கொள்முதல் பில்லும், அதில் சப்ளை செய்பவரின் உத்தரவாதமும் கைவசம் இருக்க வேண்டும். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்கென்று ஸ்ரீரங்கத்தில் அதிகமாக இறக்கிய பிஸ்கட், சிப்ஸ் மிச்சம் இருந்தால், விழா முடிந்த வாரமே தேதி வாரியாகப் பிரித்து ஏஜென்ட்டிடம் பேசிவிட வேண்டும். தேதியைப் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை நம் கடையில் பழைய பாக்கெட்டைக் கண்டு சொன்னால் கோபப்படாமல் பாராட்டுவோம். அலுவலர் வந்து சொல்வதற்கு முன் நம் பிழையைக் காட்டித் தந்தது அந்தப் பிள்ளை.

நாமே கட்டும் பாக்கெட்டுக்கும் இது பொருந்தும். வாடிக்கையாளர் எதிரே நிறுத்துக் கொடுக்கும் கடலை வேறு. முன்கூட்டியே 100 கிராமாகக் கட்டித் தொங்கவிடும் கடலை வேறு. பின்னதற்குப் பெயர், எடை, விலை, தேதி, முகவரி, உரிம எண் எல்லாம் வேண்டும். மணப்பாறை முறுக்குக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஊர்ப் பெயருக்கு வந்த அந்த மதிப்பை, முகவரி இல்லாத பாலிதீன் பையில் போட்டுக் கெடுக்கக் கூடாது.

கடையில் செய்யக்கூடியவை

1. மிட்டாய்ப் பெட்டியின் விவரப் பக்கத்தைக் கத்தரித்து அட்டையில் ஒட்டி, பிள்ளைகளின் கண்மட்டத்தில் தொங்கவிடுவோம்.

2. சர்க்கரை, உப்பு, கொழுப்பு, மைதா, பாமாயில், தேதி போன்ற பத்துச் சொற்களை லேபிளில் உள்ளபடியும், பக்கத்திலேயே தமிழிலும் எழுதி ஒரு பலகை வைப்போம்.

3. ஆசிரியரிடம் இல்லாத கருவி நம்மிடம் இருக்கிறது: தராசு. கூட்டம் குறைந்த நேரத்தில் ஒரு காகிதத்தில் 24 கிராம் சர்க்கரையை நிறுத்துக் காட்டி, 'இந்தப் பானத்தில் இவ்வளவு இருக்கு தம்பி' என்று சொன்னால் அது மறக்காது.

4. கல்லாப்பெட்டிக்கு எதிரே கைக்கெட்டும் இடத்தில் வறுகடலை, பொட்டுக்கடலை, கடலைமிட்டாய், வாழைப்பழம் வைப்போம். கடலைமிட்டாயிலும் வெல்லம் உண்டு என்பதை மறைக்க வேண்டாம். வாழைப்பழத்துக்கு லேபிளே தேவையில்லை. தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கும் ஊர் நம்முடையது. பூவனும் ரஸ்தாளியும் நம் கடையில் தொங்கட்டும்.

5. பல பள்ளிகளில் குடிமக்கள் நுகர்வோர் மன்றங்கள் இயங்குகின்றன. தலைமையாசிரியரின் அனுமதியோடு காலி பாக்கெட்டுகளை எடுத்துச் சென்று ஒரு வகுப்பு நடத்தலாம். டிசம்பர் 24 தேசிய நுகர்வோர் தினம் அதற்குப் பொருத்தமான நாள். எந்தக் கம்பெனியின் இலவச மாதிரியும் அங்கே வேண்டாம்.

விற்பனை குறையாதா?

சில பாக்கெட்டுகளின் விற்பனை குறையத்தான் செய்யும். மறைப்பதற்கில்லை. ஆனால் அவற்றில் விலையை நிர்ணயிப்பது கம்பெனி; நமக்குக் கிடைப்பது அவர்கள் விட்டுக்கொடுக்கும் சொற்ப லாபம். அதே பாக்கெட்டைப் பெரிய கடைகளும் இணைய நிறுவனங்களும் தள்ளுபடியில் தருகின்றன. அங்கே நாம் போட்டி போட முடியாது. கடலை, பயறு, அவல், பழம் ஆகியவற்றில் கொள்முதல் திறமை நம்முடையது, தரம் பார்க்கும் கண்ணும் நம்முடையது. 'அந்தக் கடைக்காரர் பிள்ளைக்கு நல்லதைச் சொல்லிக் கொடுத்து அனுப்புவார்' என்ற நம்பிக்கை ஒரு வீட்டில் ஏற்பட்டால், அந்த வீட்டின் மாதச் சாமான் சீட்டு நம்மை விட்டுப் போகாது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தம் கடையில் அதிகம் விற்கும் மூன்று மிட்டாய்ப் பெட்டிகளின் விவரப் பக்கத்தைக் கத்தரித்துக் கொண்டுவரக் கேட்டுக்கொள்கிறோம். எல்லாவற்றையும் சேர்த்துத் தமிழில் ஒரே பலகையாக எழுதி, உறையூர் முதல் திருவானைக்கோவில், ஸ்ரீரங்கம் வரை எல்லாக் கடைகளிலும் வைப்போம்.