நாலு மணித்தியாலம் எடுத்தால் நல்ல ஒப்பரேசனா?

மார்பகத்தைப் பெருப்பிக்கும் சத்திரசிகிச்சை பற்றி மன்னார்த் தீவிலும் எதிர்க்கரையிலும் உலவும் கதைகளில் ஒன்று எத்தனை முறை மறுத்தாலும் சாவதில்லை: "ஒரு மணித்தியாலத்தில முடிச்சவர் காசுக்கு அவதிப்பட்டுச் செய்தவர். நாலு மணித்தியாலம் மினக்கெட்டவர்தான் வடிவாச் செய்தவர்." பேசாலையிலும் முருங்கனிலும் கதை இதுவேதான். கொழும்பிலோ சென்னையிலோ செய்துகொண்டு திரும்பிய பெண்ணிடம், எந்த வகை உறை, எங்கே கீறல் என்று எவரும் கேட்பதில்லை. "எவ்வளவு நேரம் எடுத்தது?" என்றுதான் கேட்கிறார்கள். கேள்வி நல்லது, பதிலை விளங்கிக்கொள்ளும் விதம்தான் தலைகீழ்.

இந்தச் சத்திரசிகிச்சையின் படிகள் குறைவு. மார்பகத்தின் கீழ்மடிப்பில், அல்லது கருவளையத்தின் ஓரத்தில், அல்லது அக்குளில் ஒரு கீறல். சுரப்பித் திசுவுக்கோ நெஞ்சுத் தசைக்கோ பின்னால் ஓர் இடம் பிரிக்கப்படும். சிலிக்கன் கூழ் அல்லது உப்புநீர் அடைத்த உறை அதற்குள் வைக்கப்பட்டுத் தையல் போடப்படும். 1962 இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் குரோனின், கெரோ என்ற இரு சத்திரசிகிச்சை நிபுணர்கள் முதல் சிலிக்கன் உறையைப் பொருத்திய நாளிலிருந்து அடிப்படை இதுதான். பழகிய கைக்கு, இரு பக்கமும் சேர்த்து, ஒன்று முதல் இரண்டு மணித்தியாலம் போதும். அதற்குள் முடிப்பவர்களும் உண்டு. தொங்கிய மார்பகத்தைத் தூக்கித் தைப்பதும் சேர்ந்தால் நேரம் கூடுவது நியாயம். அப்படி ஒன்றும் இல்லாமல் நாலு மணித்தியாலம் போயிருந்தால், இரத்தக் கசிவு நின்றிருக்காது, அல்லது எந்த அளவு உறை பொருந்தும் என்பதை மயங்கிக் கிடக்கும் பெண்ணின் உடலில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்திருப்பார்கள். இரண்டிலும் மெச்சுவதற்கு எதுவும் இல்லை.

நேரம் நீளும்போது அதன் விலையை உடல் கொடுக்கிறது. முழு மயக்கம் கொடுத்த முதல் மணித்தியாலத்திலேயே உடலின் உள்வெப்பம் ஒன்று முதல் ஒன்றரை பாகை செல்சியஸ் வரை இறங்கலாம். குளிர்ந்த உடலில் இரத்தம் உறைவதும் மந்தம், கிருமியை எதிர்ப்பதும் மந்தம். குடல் சத்திரசிகிச்சை நோயாளர்களிடம் நடந்து 1996 இல் வெளியான ஓர் ஆய்வில், வெப்பம் காக்கப்பட்டவர்களில் 6 சதவீதத்தினருக்குக் காயத்தில் தொற்று வந்தது. குளிரவிடப்பட்டவர்களில் 19 சதவீதத்தினருக்கு வந்தது. மயக்க மருந்து நீள நீள, எழும்பிய பின் குமட்டலும் வாந்தியும் கூடும். கால் நாளங்களில் இரத்தக்கட்டி உருவாகும் ஆபத்தைக் கணிக்க உலகெங்கும் பயன்படும் கப்ரினி அளவுகோல், 45 நிமிடத்தைத் தாண்டும் எந்தச் சத்திரசிகிச்சைக்கும் கூடுதல் புள்ளி போடுகிறது. திறந்த காயத்தில் தோலின் கிருமிகள் இறங்குவதற்கும் நேரம்தான் வாசல். உறையின் மேல் அவை படலமாகப் படிந்தால், மாதங்களோ வருடங்களோ கழித்து அதைச் சுற்றிய திசு இறுகி மார்பகம் கல்லாகிப் போகலாம்.

பலவகைச் சத்திரசிகிச்சைகள் பற்றிய 66 ஆய்வுகளைத் திரட்டி 2018 இல் வெளியான மீளாய்வு, ஒவ்வொரு மேலதிக 30 நிமிடத்துக்கும் சிக்கல் நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 14 சதவீதம் கூடுவதாகக் கணித்தது. கடினமான நோயாளிக்கு நேரம் கூடப் பிடிக்கும் என்பதால் பழி முழுவதையும் மணிக்கூட்டின் தலையில் கட்ட முடியாதுதான். ஆனாலும் நீண்ட நேரம் பாதுகாப்பின் அடையாளம் என்ற ஊர்க்கதைக்கு இந்த எண்களில் ஒதுங்க இடமே இல்லை.

மார்பக விடயத்திலேயே இதைத் துருவிப் பார்த்தவர் டாலஸ் நகரின் ஜோன் டெபெட்ஸ். தியேட்டரில் யாருடைய கை எங்கே வீணாக அலைகிறது என்று அசைவு அசைவாக ஆராய்ந்து, 2002 இல் கட்டுரைகளாக வெளியிட்டார். விரலால் திசுவைக் கிழித்துப் பிரிக்கும் வழக்கத்தைக் கைவிட்டார். நாளத்தைக் கண்ணால் கண்டு, இரத்தம் வருமுன் மின்சூட்டால் அடைத்தார். உறையின் அளவை முதலே உடலில் அளந்து தீர்மானித்தார். இரத்தம் வடிக்கும் குழாயும் இறுக்கிய கட்டும் தேவைப்படாமல் போயின. அவருடைய நோயாளர்களில் மிகப் பெரும்பாலானோர் 24 மணித்தியாலத்துக்குள் வழமையான நடமாட்டத்துக்குத் திரும்பியதாக அவர் பதிந்தார். இப்படிக் குறைந்த சத்திரசிகிச்சை நேரம் கை ஓடியதால் மிஞ்சியதல்ல. கத்தி எடுக்குமுன் யோசித்ததால் மிஞ்சியது. வலையைக் கரையில் வைத்தே பொத்திச் சரிபார்த்த சம்மாட்டி கடலில் மினக்கெடுவதில்லை.

வேகம் என்றால் அவசரம் என்ற பயத்துக்கும் ஒரு பழைய வேர் இருக்கலாம். மயக்க மருந்து வருமுன், லண்டனின் ரொபர்ட் லிஸ்டன் போன்றோர் நோயாளி துடிப்பதற்குள் காலை வெட்டி முடிக்க ஓடினர். 1846 டிசம்பரில் அதே லிஸ்டன் ஈதர் கொடுத்துக் கால் அகற்றியபோது அந்த ஓட்டத்தின் தேவை முடிந்தது. இன்றைய சுருக்கமான சத்திரசிகிச்சை வேறு இனம். அதில் வெட்டப்படக் கூடாத நிமிடங்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2008 இல் கொண்டுவந்த சத்திரசிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியல், எட்டு நகர வைத்தியசாலைகளில் இறப்பை 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைத்தது. அந்தப் பட்டியலைச் சரிபார்க்கும் சில நிமிடங்களை மிச்சம் பிடிப்பவர் வேகமானவர் அல்லர், ஆபத்தானவர்.

மன்னாருக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று உண்டு. 2015 மார்ச்சில் தலைமன்னார் இறங்குதுறை வரை ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஆனாலும் கொழும்பிலிருந்து வீடு வர மணிக்கணக்கில் குந்தியிருக்க வேண்டும். சென்னையிலிருந்து பலாலி விமான நிலையத்தில் இறங்கினாலும் பூநகரி வழியே நீண்ட தரைப்பாதை. நெடுநேர மயக்கத்தோடு நெடுநேர இருக்கையும் சேர்ந்தால் காலில் இரத்தக்கட்டி வரும் ஆபத்து கூடும். வைத்தியர் அனுமதித்த பிறகே பயணம். வழியில் எழும்பி நடப்பது கட்டாயம். "பச்சை உடம்பு, ஒரு மாதம் படுத்திரு" என்று கட்டிலில் கிடத்தும் வீட்டார் நல்லது செய்வதாக நினைத்துக் கெடுதல் செய்கிறார்கள்.

மற்றக் கதைகளுக்கு இவ்வளவு மூச்சு வேண்டியதில்லை. விமானத்தில் உறை வெடிக்காது. உறை வைத்த பலர் பாலூட்டுகிறார்கள், கருவளையக் கீறலில் மட்டும் தடை வரும் வாய்ப்புச் சற்றுக் கூட. உறையால் மார்பகப் புற்றுநோய் வருவதில்லை. ஆனால் சொரசொரப்பான மேற்பரப்புள்ள சில உறைகளைச் சுற்றி அரிதான நிணநீர்ப் புற்றுநோய் தோன்றியதால், 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் உறைகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. உறை ஆயுளுக்கும் நிலைக்கும் என்பது பொய். தடவும் எண்ணெயால் மார்பகம் வளரும் என்பது அதைவிடப் பெரிய பொய். பணக்காரரின் பகட்டு என்ற பேச்சு 2018 பெப்ரவரியிலேயே அடிபட்டது: சென்னை அரச ஸ்டான்லி வைத்தியசாலை மார்பக அழகுச் சத்திரசிகிச்சையை ஏழைகளுக்கு இலவசமாக்கியது.

ஊரார் நேரத்தைக் கேட்பதை நிறுத்த வேண்டியதில்லை. அதை எழுத்தில் கேட்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் அட்டையில் மயக்கம் தொடங்கிய நேரம், கீறல் போட்ட நேரம், தையல் முடிந்த நேரம் மூன்றும் தனித்தனியே இருக்க வேண்டும். மயக்கமும் கத்தியும் ஒரே நேரத்தில் தொடங்குவதில்லை. வீட்டார் வெளியே காத்திருந்து எண்ணும் மணித்தியாலம் இரண்டையும் குழப்புகிறது. கூடவே உறையின் வகை, அளவு, தொடரிலக்கம், கீறலின் இடம். இரண்டாம் கிழமை காய்ச்சலோடு மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு வரும் பெண்ணைப் பார்க்கும் வைத்தியர் சத்திரசிகிச்சை செய்தவராக இருக்கமாட்டார். அவர் கையில் அந்த அட்டை மட்டுமே இருக்கும்.