"யார் மேல தப்பு?"

விபத்துச் செய்தி ஒன்று வாட்சாப்பில் வந்ததும் நாம கேட்கிற முதல் கேள்வி அதுதான். ஆனால் விபத்தை ஆராய்கிற அமைப்புகள் அதைக் கேட்பதில்லை. ஏன்? நம்ம வட்டாரம் மறக்காத ஒரு விபத்தைப் பார்ப்போம்.

2000 அக்டோபர் 31 இரவு, தைப்பே விமான நிலையத்தில் புயல் மழை. லாஸ் ஏஞ்சல்ஸ் புறப்பட்ட சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எஸ்கியூ 006க்கு ஒதுக்கிய ஓடுபாதை '05 இடது'. விமானம் ஏறியதோ பக்கத்தில் இருந்த '05 வலது' பாதையில். கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்த பாதை அது. கான்கிரீட் தடுப்புகளிலும் இயந்திரங்களிலும் மோதி, 179 பேரில் 83 பேர் இறந்துபோனார்கள்.

"பைலட் பாதை மாறிட்டாரு" என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். தைவானின் விமானப் பாதுகாப்பு மன்றம் அதோடு நிற்கவில்லை. அனுபவசாலிகளான விமானிகள் சரியான இடத்தில்தான் நிற்கிறோம் என்று எப்படி நம்பினார்கள்? தரையில் இருந்த பச்சை விளக்குகள் தவறான பாதைக்குள் வளைந்து சென்றன. சரியான பாதைக்குப் போகும் விளக்குகளில் ஒன்று எரியவில்லை, இன்னொன்று மங்கல். தவறான பாதையின் நுழைவாயிலில் மறிப்பு எதுவும் இல்லை. மழையில் கோபுரத்துக்கு விமானம் தெரியவில்லை. தரையில் நகர்வதைக் காட்டும் ரேடாரும் அங்கே கிடையாது. அதே சமயம், பாதை பொருந்தவில்லை என்று விமானி அறைக் கருவி உணர்த்தியும் அவர்கள் நின்று சரிபார்க்கவில்லை என்பதையும் அறிக்கை எழுதியது.

சிக்காகோ உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பு இதைத்தான் சொல்கிறது: விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, பழி சுமத்துவது அல்ல. வாயைத் திறந்தால் தண்டனை என்றால் யார் உண்மை பேசுவார்? பிள்ளையை இழந்த தாய்க்கு இந்த நியாயம் கசக்கும்தான். குற்றமா, இழப்பீடா என்பதற்கு நீதிமன்றம் தனியாக இருக்கிறது.

விமான நிலையத்தை நடத்தியதும் அரசுத் துறை. அந்தத் துறையே விசாரித்தால் தன் விளக்கைத் தானே குறை சொல்லுமா? அதனால்தான் தனி மன்றம். எனக்குப் பிடித்த விஷயம் வேறொன்று. அறிக்கை விமானிகளுக்கு அதிக அழுத்தம் தருகிறது என்று சிங்கப்பூர்க் குழு மறுத்தது. அந்த மறுப்பும் அறிக்கையோடு சேர்த்தே வெளியானது.

இப்படிப்பட்ட மன்றம் கட்டளை போட முடியாது, பரிந்துரைக்க மட்டுமே முடியும். ஆனாலும் தைவானில் 2018இல் புயூமா விரைவு ரயில் தடம்புரண்டு 18 பேர் இறந்த பிறகு, ரயில் விபத்துகளையும் இதே அமைப்பு விசாரிக்கட்டும் என்று 2019இல் அதை விரிவாக்கினார்கள்.