முன்வரிசை டிக்கெட் எடுக்கலாமா?

கேள்வி: திரையிசை விருது விழாவுக்குத் தறிக்காரர்கள் 10 பேர் சென்னை போகிறோம். கூடுதல் பணம் கொடுத்து முன்வரிசை டிக்கெட் எடுக்கலாமா?
– நெசவாளர் ஒருவர், பிள்ளையார்பாளையம்

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தை வேன் வாடகைக்கு வையுங்கள். 2023 செப்டம்பர் 10 அன்று பனையூரில் நடந்த ஏ.ஆர்.ரகுமானின் ‘மறக்குமா நெஞ்சம்’ கச்சேரியை நினைத்துப் பாருங்கள். மழையால் ஆகஸ்ட் 12-லிருந்து தள்ளிப்போன நிகழ்ச்சி அது. விலையுயர்ந்த டிக்கெட் வாங்கியவர்கள்கூட உள்ளே நுழைய முடியாமல் திரும்பினார்கள். பெண்களும் குழந்தைகளும் நெரிசலில் தவித்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையே ஸ்தம்பித்தது. உள்ளே போக முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்பும்படி ரகுமானே கேட்டுக்கொண்டார். டிக்கெட் பணம் திரும்பி வரலாம். தறி நின்ற நாளின் கூலி வராது.

எப்போதோ ஒருமுறை நடந்ததைச் சொல்லிப் பயமுறுத்தலாமா என்பீர்கள். நியாயம்தான், பெரும்பாலான கச்சேரிகள் ஒழுங்காகவே முடிகின்றன. நேரில் கேட்கும் சுகம் டிவியில் கிடைக்காது என்பதும் உண்மை. அதனால்தான் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் விருது விழா வெறும் கச்சேரியைவிட நீளும். ஒவ்வொரு விருதுக்கும் ஒரு பேச்சு உண்டு. அதன்பிறகு நள்ளிரவில் 70 கிலோமீட்டருக்கு மேல் ஊர் திரும்ப வேண்டும். எந்த வாசல், வண்டி எங்கே நிற்கும் என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். டிக்கெட்டை வீட்டிலேயே ஃபோனில் இறக்கி வையுங்கள். கூட்டத்தில் சிக்னல் கிடைப்பது கஷ்டம்.